லினக்ஸுக்கு மாறுகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புரொசசராவது வேண்டும். எங்கள் பக்க வீடுகளில் நான் காண்பவையோ கொழும்பிலிருந்து வந்த பாவித்த டெஸ்க்டொப், இல்லாவிட்டால் கனடாவிலிருந்து சித்தப்பா வந்தபோது விட்டுப்போன பழைய மடிக்கணினி. இரண்டும் இன்னும் நன்றாக வேலை செய்யக்கூடியவை. அதனால்தான் பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று தெரிந்தவர்கள் அழைப்பெடுத்து, "தம்பி, லினக்ஸ் போடலாமோ?" என்று கேட்கிறார்கள்.

போடலாம். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகவோ அதற்குப் பக்கத்திலோ போடக்கூடிய இலவச இயங்குதளம். நானும் பல வருடங்களாக அதைத்தான் பாவிக்கிறேன். ஆனால் போட்டு ஒரு கிழமையிலேயே வெறுத்துப்போய் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அநேகமானோர் தடுக்கி விழுந்தது, போடுவதற்கு முன்னர் செய்யவேண்டிய வேலைகளில்தான்.

முதலில் மிகப் பெரிய பிழையைச் சொல்லிவிடுகிறேன். நிறுவும்போது ஒரு கட்டத்தில் திரையில் மூன்று தெரிவுகள் வரும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவது ஒன்று, டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவுவது இன்னொன்று, நாமே பிரித்துக்கொள்வது மூன்றாவது. விசுவமடுவில் ஓர் அக்காவின் மகன், உயர்தரம் படிக்கிற பெடியன், இரண்டாவதைத் தெரிவுசெய்தான். அவன் கணக்கு இதுதான்: விண்டோஸ் இருப்பது சி டிரைவில், படங்கள் இருப்பது டி டிரைவில், ஆகவே அழியப்போவது சி மட்டும். உண்மையில் சி, டி என்பவை ஒரே டிஸ்க்கில் போட்ட வரம்புகள். டிஸ்க்கை அழி என்றால் வரம்போடு சேர்த்து முழு வயலையும் உழுதுவிடும்.

அந்த டி டிரைவில், இடம்பெயர்ந்தபோது பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த ஏழு பழைய படங்களின் ஸ்கேன் இருந்தது. கடதாசிப் படங்கள் ஈரம்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிவிட்டதால் அந்த ஸ்கேன்தான் மிச்சம். நல்லவேளையாக அவன் பயந்துபோய் உடனே கணினியை நிறுத்திவிட்டு அழைத்தான். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வேறொரு கணினியிலிருந்து ஓடவிட்டு ஏழில் ஐந்தை எடுத்தோம். மற்ற இரண்டும் வரவே இல்லை. அது பழைய வட்டு டிஸ்க் என்பதால்தான் அவ்வளவாவது கிடைத்தது. சுழலும் வட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி ஆக இருந்தால் அநேகமாக எதுவும் மிஞ்சியிருக்காது. 2009 இல் ஆல்பம் ஒன்றுகூட எடுக்க முடியாமல் வந்த குடும்பங்கள் எங்கள் ஊர்களில் எத்தனை என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் இதை மன்றாட்டமாகவே கேட்கிறேன்: வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இரவலாவது வாங்கி எல்லாவற்றையும் நகலெடுங்கள். பிறகு அதை வேறொரு கணினியில் செருகி, பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். நிறுவத் தொடங்கும்போது அதைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்வதென்றால், லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸுக்குள் இருக்கும் டிஸ்க் மனேஜ்மென்டிலேயே சுருக்கி எடுப்பது பாதுகாப்பு. மடிக்கணினியில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் மீட்புச் சாவியான 48 இலக்கங்களையும் முதலில் கொப்பியில் எழுதுங்கள். பயோஸில், அதாவது கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புகளில், ஏதாவது மாற்றியபின் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டால், அது இல்லாமல் உள்ளே போகவே முடியாது.

அடுத்தது, பதிவிறக்கம். லினக்ஸில் பல வகை உண்டு. நான் இங்கே சொல்வது லினக்ஸ் மின்ட் என்ற வகையை. அதன் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. டொங்கிளில் இறக்கும்போது சிக்னல் விட்டுவிட்டு வந்தால் கோப்பு குறையாக இறங்கும். குறைக்கோப்பில் நிறுவினால் பாதி வழியில் விளங்காத பிழைச்செய்தி வந்து நிற்கும். டொரன்ட் மூலம் இறக்குங்கள். நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்க்கும். இரவு டேட்டா மிஞ்சிக் கிடப்பவர்கள் படுக்கப்போகும்போது போட்டுவிட்டால் போதும். அப்புறம், இறக்கிய கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்து பென் டிரைவில் ஒட்டினால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுதவேண்டும். அப்படி எழுதும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருந்தவை போய்விடும், ரியூசன் நோட்ஸ் உட்பட.

அந்தப் பென் டிரைவைச் செருகி, கணினி தொடங்கும்போது எஃப்12 அல்லது அந்தந்தக் கணினிக்குரிய விசையை அழுத்தினால், எதையும் நிறுவாமலே லினக்ஸைப் பார்க்கலாம். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே பாவியுங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமெரா வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் எழும்புகிறதா என்று பாருங்கள். வைஃபை பிடிக்காவிட்டால் அங்கேயே மனம் விடவேண்டாம். சில பிரோட்கொம், ரியல்டெக் சிப்புகளுக்கு டிரைவர், அதாவது அவற்றை இயக்கும் மென்பொருள், தனியாக ஏற்றவேண்டும். கைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும், மின்டின் டிரைவர் மனேஜர் மிச்சத்தைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். பிரிண்டரையும் இப்போதே ஒரு தாள் அடித்துப் பாருங்கள். சில பழைய சிறிய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் மிகவும் சிரமம் தரும். அது நிறுவிய பிறகு தெரிந்து பயனில்லை.

நிறுவும் நாளையும் யோசித்துத் தெரிவுசெய்யுங்கள். மாரி காலத்தில் ஒரு காற்று அடித்தாலே கரண்ட் போகிற இடம் எங்களுடையது. டிஸ்க்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் விண்டோஸும் போகலாம், லினக்ஸும் வராது. யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப் என்றால் வெயில் எறிக்கும் ஒரு காலைநேரம் நல்லது.

எந்த லினக்ஸ்? யூடியூபில் ஹக்கிங் வீடியோ பார்த்துவிட்டுக் காளி லினக்ஸை வீட்டுக் கணினியில் போட்ட பெடியளை நிறையக் கண்டிருக்கிறேன். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களின் கருவிப்பெட்டி, வீட்டுப் பாவனைக்கு வேண்டாம். 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினிக்கு மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு எனக்குப் பிடித்தது. ஒன்றைப் போட்டால் மூன்று மாதமாவது அதிலேயே இருங்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். எந்த லினக்ஸைத் தெரிவுசெய்தாலும் வராத வேகம் அதில் வரும்.

இனி எங்களுக்கே உரிய ஒரு தலையிடி: பாமினி. சங்கக் கடிதம், கோயில் நோட்டீஸ், வாசிகசாலை அறிக்கை என்று ஊரில் இருக்கும் பழைய வேர்ட் கோப்புகளில் பாதி பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. லினக்ஸில் லிப்ரேஒஃபிஸில் அதைத் திறந்ததும், "தமிழ்" என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி அதை அழித்தவர்கள் உண்டு. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பாமினி, எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் யுனிகோட் முறை அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு. அது கணினியில் இல்லாவிட்டால் அடியிலுள்ள ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். விண்டோஸை அழிக்கும் முன்னர் அதன் ஃபொன்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அதை இருமுறை சொடுக்கி நிறுவினால் கடிதம் பழையபடி தமிழில் நிற்கும்.

தட்டச்சு செய்யும் பழக்கமும் இதில் இருக்கிறது. விண்டோஸில் பாவித்த என்எச்எம் ரைட்டர் போன்றவை இங்கே வராது. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியும் அதற்கான எம்17என் தொகுப்பும் ஏற்றினால் தமிழ்99, ஒலியியல், ரெங்கநாதன் என்று பல விசைப்பலகைகள் பட்டியலில் கிடைக்கும். புதிதாக எழுதுவதை யுனிகோடிலேயே எழுதுங்கள். பாமினியில் எழுதிய பெயரைத் தேடுபொறியில் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது.

விண்டோஸ் பழக்கத்தில் இணையத்தில் தேடி எக்ஸ்இ கோப்பு இறக்குவதையும் விட்டுவிடுங்கள். மின்டின் சொஃப்ட்வெயார் மனேஜரில் தேவையானவை பெரும்பாலும் உண்டு. சூம் வகுப்புக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. ஆனால் கோரல்டிரோவிலோ ஃபோட்டோஷொப்பிலோ திருமண அட்டை அடித்து உழைப்பவர் என்றால் விண்டோஸை அழிக்கவேண்டாம். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்கும் வைனில் அவை ஓடும் என்று யாராவது சொன்னாலும் பிழைப்பை அதை நம்பி வைக்காதீர்கள்.

டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், ஒட்டச்சொல்லி யாரோ எழுதிய கட்டளையை, அதிலும் முழு அதிகாரம் கொடுக்கும் சூடோ என்ற சொல்லோடு தொடங்குவதை, என்ன செய்யும் என்று தெரியாமல் ஒட்டாதீர்கள். பத்து வருடம் முந்திய உபுண்டுவுக்கு எழுதிய தீர்வு உங்கள் மின்டைக் குழப்பிவிடலாம்.

நிறுவிய அன்றே மின்டிலுள்ள டைம்ஷிஃப்ட் என்ற கருவியைத் திறந்து கணினியின் அன்றைய நிலையை ஒரு பதிவாக எடுத்து வையுங்கள். ஏதாவது உடைந்தால் கணினியை அந்த நாளுக்குத் திருப்பலாம். ஆனால் அது இயங்குதளக் கோப்புகளை மட்டும்தான் பார்க்கும். உங்கள் படங்களை, நீங்கள் வேறாகச் சொன்னாலன்றி, அது தொடாது. அலுமாரியில் வைத்த ஹார்ட் டிஸ்க்கின் வேலை அதனால் முடியவில்லை.

இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் விண்டோஸ் முழுதாக அணையாது, லினக்ஸிலிருந்து டி டிரைவில் எதையும் சேமிக்க முடியாமல் போகலாம். மற்றது மணிக்கூடு. லினக்ஸ் கணினியின் உள் மணிக்கூட்டில் உலகப் பொதுநேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். அதனால் பின்னேரம் 7 மணிக்கு விண்டோஸைத் திறந்தால் பகல் 1.30 என்று காட்டும். சரியாக ஐந்தரை மணித்தியால வித்தியாசம் என்றால் பற்றரியை மாற்றக் கடைக்குக் கொண்டுபோகவேண்டாம். டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரத்தை வைக்கச் சொல்லிவிட்டு, விண்டோஸில் ஒருமுறை நேரத்தைத் திருத்தினால் சரி.