பழைய ஆர்பிஜி ஆடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் காலேஜ் லீவில் ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ என்ற பழைய ஆர்பிஜியை, அதாவது ஒரு நாயகனாக மாறி அவன் கதையை நாமே நடத்திப் போகிற கணினி விளையாட்டை, இறக்கி ஆட ஆரம்பித்தான். இரண்டே நாளில் “ஒரே பேச்சாவே இருக்குண்ணே, சண்டையும் சுமார்தான்” என்று மூடி வைத்துவிட்டான். அவன் கேரக்டருக்குப் புள்ளிகளை எப்படிப் பிரித்துப் போட்டிருக்கிறான் என்று திறந்து பார்த்தேன். பலம் 18. அறிவும் ஞானமும் ஆரம்பத்தில் இருந்த 9-லேயே கிடந்தன.

முதல் தவறே இதுதான். மற்ற கேம்களில் பழகிய கை தானாகப் பலத்தில் போய்ப் புள்ளியைக் கொட்டிவிடும். ஆனால் 1999-இல் வந்த இந்த கேமின் நாயகன் பிணவறை மேடையில் கண் விழிக்கிறவன், பெயர்கூட நினைவில்லாதவன், பெரும்பாலும் செத்தாலும் திரும்ப எழுந்துவிடுகிறவன். அவனுக்குப் பலம் எதற்கு? அறிவும் ஞானமும் பேச்சுத்திறனும் கூடக் கூடத்தான் மறந்துபோன பழைய நினைவுகள் மேலே வரும், எதிராளியிடம் கேட்பதற்குப் புதுக் கேள்விகள் திறக்கும். அவற்றைக் குறைவாக வைத்தால் கதையில் பாதிக் கதவு பூட்டியே கிடக்கும், பூட்டியிருக்கிறது என்பதுகூட உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது, பேச்சை வேகவேகமாகத் தள்ளிவிடுவது. இந்த கேமில் சில இடங்களில் ஒரே வாக்கியம் இரண்டு தடவை வரும், ஒன்றின் முன்னால் ‘உண்மை’ என்றும் இன்னொன்றின் முன்னால் ‘பொய்’ என்றும் போட்டிருக்கும். எதிரில் நிற்பவர் காதில் விழுவது ஒரே சொல்தான், ஆனால் நீங்கள் எந்த மனதோடு சொன்னீர்கள் என்பதை கேம் குறித்து வைத்துக்கொண்டு உங்கள் குணத்தையே அதற்கேற்ப மாற்றும். இருபத்தைந்து வருடம் கழித்தும் நான் இதை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இந்த ஒரு விஷயமே போதும்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு தயக்கம் வரும், எனக்கும் வந்தது. மொத்தம் எட்டு லட்சம் சொற்கள் என்பார்கள், அத்தனையும் ஆங்கிலம். அதிலும் தெருப்பேச்சு வேறு, பழைய லண்டன் திருட்டுக் கூட்டங்களின் குழூஉக்குறியிலிருந்து எடுத்தது. ‘கட்டர்’ என்றால் அங்கே துணிச்சலான ஆள். அகராதியைத் தேடி ஓட வேண்டாம். வெளியூர்க்காரர் நம் பக்கத்துக்கு வந்து நாலு நாள் டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு பிடிபட்டுவிடுகிற மாதிரி, நாலு பேரிடம் பேசினால் அதுவும் பிடிபட்டுவிடும்.

சண்டைக்கு வருவோம். ‘பால்டர்ஸ் கேட்’ என்ற இன்னொரு ஆர்பிஜி 1998-இல் வந்தது. அதில் தொடக்க நிலை மந்திரவாதிக்கு நாலைந்து உயிர்ப்புள்ளிதான், ஒரு ஓநாய் வந்தால் கதை முடிந்தது. நிறைய பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்துங்கள், உங்கள் குழுவில் இருக்கும் ஆறு பேருக்கும் தனித்தனியாக வேலை சொல்லுங்கள், அப்புறம் ஓட விடுங்கள். தூக்க மந்திரம் ஒன்று போட்டால் ஆரம்பகால எதிரிகள் கூட்டமாகச் சாய்வார்கள். கவசத்துக்கான எண் குறையக் குறைய நல்லது, இது தெரியாமல் நல்ல சட்டையை விற்றவர்கள் உண்டு.

அடுத்த ஆர்பிஜி ‘ஃபால்அவுட்’, 1997-இல் வந்தது. நிலத்தடியில் வாழும் ஒரு கூட்டத்துக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிவிடும், 150 நாளுக்குள் வேறொன்று கொண்டுவர வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று நாள் எண்ணிப் பழகிய நமக்கு அந்தப் பதற்றத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து ஊர்களைத் தாண்டித் தாண்டி ஓடாதீர்கள், நின்று பேச நேரம் தாராளமாக இருக்கிறது.

இனி எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. ஒரு பேச்சு சரியாக அமையவில்லையா, உடனே முன்னால் சேவ் செய்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் மாற்றிச் சொல்வது. சேவ் அடிக்கடி போடுங்கள், சரி, எங்கள் பக்கம் மத்தியானம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆனால் அது கரண்டுக்கு மட்டும் இருக்கட்டும். நீங்கள் சொன்ன பொய்க்கு என்ன ஆகிறது என்பதுதான் கதை. அதை அழித்து அழித்து ஆடினால் கடைசியில் யாருடைய கதையும் மிஞ்சாது. போனில் வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுவதும் இதே ரகம்தான்.

இந்த கேம்களில் திரையில் தெரிகிற படம் பழசாக இருக்கிறதே என்பார்கள். தஞ்சாவூர் வளர்த்த கதாகாலட்சேபத்தில் என்ன இருந்தது? ஒரு ஆள், கையில் சிப்ளாக்கட்டை, அத்தனை பேருக்கும் தெரிந்த ராமாயணம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டார்கள். இந்த கேம்களின் 640-க்கு 480 புள்ளித் திரை அதைவிட எவ்வளவோ அதிகம் காட்டுகிறது.

அந்தத் தம்பி ஞானத்தில் புள்ளி போட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறான். பிணவறையில் ஒரு பெண்ணின் ஆவி நிற்கும், நாயகனை உயிருக்குயிராக நேசித்தவள், அவனுக்கோ அவள் முகமே தெரியாது. போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்தான். “அந்தப் பொண்ணுகிட்ட விஷயம் தெரிஞ்சுக்கறதுக்காக ஞாபகம் இருக்குன்னு பொய் சொல்லிட்டேண்ணே. மனசு கேக்கல. பழைய சேவுக்குப் போயிடட்டுமா?”

வேண்டாம் என்றேன்.