ஏற்றுமதிக்குப் போனது போக: ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் பக்கம் நண்டு வாங்குவது எப்படி?

நாட்டுப்படகு கரை சேரும் முன்பே நீலக்கால் நண்டுக்கு விலை முடிந்திருக்கும். வலைக்கு முன்பணம் கொடுத்த வியாபாரி எடை போட்டு எடுத்துக்கொள்வார். அவித்து, சதை பிரித்து, டப்பாவில் அடைத்து அமெரிக்கா வரைக்கும் போகிறது. பிரிப்பது எங்கள் ஊர்ப் பெண்கள்தான். என் மதினியும் போகிறாள். விரலெல்லாம் கீறல், ஆனால் கையில் காசு. அதனால் ஏற்றுமதியைத் திட்ட எனக்கு மனசு வராது. வீட்டுக் குழம்புக்குத்தான் நல்லது மிஞ்சுவதில்லை.

மிஞ்சியதில் தேறுவதை எடுக்க, முதலில் தூக்கிப் பாருங்கள். பழைய ஓட்டைத் தானே கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான். அடிவயிற்றை அழுத்துங்கள், அமுங்கினால் வைத்துவிடுங்கள். கால் ஒடிந்தது மலிவு, ருசியில் குறையில்லை.

நீலம் மின்னுவது ஆண். அதன் அடிமடிப்பு ஒடுங்கிக் கூராக இருக்கும். பெண்ணுக்கு அகலமான மடிப்பு, மங்கல் நிறம். மடிப்புக்கு வெளியே முட்டைக்கொத்து தெரிந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். ஒரு கொத்தில் லட்சக்கணக்கில் முட்டை. கடலுக்குத் திரும்ப வேண்டியது அது. பொடி நண்டும் அப்படியே. வெளிநாட்டு விலை ஏறினால் அதையும் அள்ளத்தான் கை நீளும், என்ன செய்ய.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகு நண்டுதான், விலையும் கூடும். ரொம்பப் பேரம் பேசாதீர்கள்.

சின்னக் கால்களை எறியாமல் மிளகு, சீரகம், பூண்டோடு அம்மியில் நசுக்கி ரசம் வையுங்கள்.