அனுபவம் உண்டு, அங்கீகாரம் இல்லை: மரத் தொழிலில் மூத்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, வட சென்னையில் மரம் அறுக்கத் தெரிந்தவர்களுக்கு இருந்த கிராக்கி கொஞ்சநஞ்சமல்ல. பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் என்று எங்கே பார்த்தாலும் சாய்ந்த மரங்கள். எந்தக் கிளையை முதலில் எடுத்தால் அடிமரம் உருளாது, எது அழுத்தத்தில் விறைத்து நிற்கிறது, எதைத் தொட்டால் சாட்டை மாதிரி எகிறி அடிக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர் சிங்கப்பூர் வேலைக்கு மனுப் போட்டாலோ, ஒரு கம்பெனி வளாகத்தில் மரங்களைச் சோதித்து அறிக்கை தரக் கேட்கப்பட்டாலோ, கையில் காட்ட ஒரு காகிதம் இருப்பதில்லை. வனத்துறையில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான்.

தொழில்முறை அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும்போது இவர்கள் திறமை இல்லாமல் தோற்பதில்லை. தான் எடுத்த முடிவுகளைக் காட்ட வேண்டிய இடத்தில், தன் வயதையும் வருஷத்தையும் காட்டித்தான் தோற்கிறார்கள். இந்தப் பக்கத்து நண்பர்கள் நிரப்பிய சில விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இது.

எது நமக்கானது என்று பார்க்காமல் பணம் கட்டுவது

மூன்று வழிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, ஐ.எஸ்.ஏ என்கிற சர்வதேச மரவளர்ப்புச் சங்கம். 1924-இல் அமெரிக்காவில் தொடங்கியது. இதன் ‘சர்டிஃபைடு ஆர்பரிஸ்ட்’ சான்றுக்குப் பட்டப்படிப்பு கட்டாயமில்லை. முழுநேரமாக மூன்று வருஷம் மர வேலை செய்திருந்தால் தேர்வு எழுதலாம். தொடர்புடைய நாலு வருஷப் பட்டம் இருந்தால் ஒரு வருஷ அனுபவமே போதும். நகரத்து மரங்களில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் நேர் வழி. சிங்கப்பூரில் மரப் பராமரிப்பு வேலைக்குப் போனால் இந்தச் சான்றைத்தான் அதிகம் கேட்பார்கள்.

இரண்டாவது, எடின்பரோவில் இருக்கும் இன்ஸ்டிடியூட் ஆஃப் சார்ட்டர்டு ஃபாரஸ்டர்ஸ். 1925-இல் ஆரம்பித்த சங்கம், 1982-இல் அரச சாசனம் பெற்றது. பிரிட்டனில் ‘சார்ட்டர்டு ஃபாரஸ்டர்’, ‘சார்ட்டர்டு ஆர்பரிகல்சரிஸ்ட்’ என்ற பட்டங்களைத் தரும் உரிமை இதற்கு மட்டும்தான். நம் ஊரில் சி.ஏ முடிக்காமல் ஆடிட்டர் என்று போர்டு மாட்ட முடியாது இல்லையா, அந்த மாதிரி. இது காட்டு நிர்வாகம், ஆலோசனை, திட்டமிடல் என்று பொறுப்பில் இருந்தவர்களுக்கானது. எழுத்துப்பூர்வமான சான்றுகளையும் நேர்முகத்தையும் வைத்துத் தொழில்திறனை எடைபோடுவார்கள். அரிவாளும் கயிறுமாக இருபது வருஷம் இருந்தவர் எடுத்த எடுப்பிலேயே இதற்கு மனுப் போடுவதும், கோட்ட அளவில் திட்டம் தீட்டிய அதிகாரி ஐ.எஸ்.ஏ தேர்வோடு நின்றுவிடுவதும் இரண்டுமே வீண்தான்.

மூன்றாவது உள்ளூர் வழி. முறையாகப் படிக்காமல் வேலையிலேயே கற்றவர்களைச் சோதித்துச் சான்று தரும் ஆர்.பி.எல் முறை, 2015-இல் தொடங்கிய பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனாவில் இருக்கிறது. வேளாண் திறன் கவுன்சிலின் கீழ் தோட்டப் பராமரிப்பு போன்ற பணிகளுக்கு இதில் சான்று வாங்கலாம். உள்ளூர் வேலைக்கு உதவும். ஆனால் இதை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் மர நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. சங்கத்தில் உறுப்பினர் ஆவது வேறு, சான்று பெறுவது வேறு. ஐ.எஸ்.ஏ-வுக்குச் சந்தா கட்டி வந்த உறுப்பினர் அட்டையை லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு “நான் சர்டிஃபைடு” என்று சொல்பவர்கள் உண்டு. விவரம் தெரிந்த வாடிக்கையாளர் இணையத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் வெளுத்துவிடும்.

வருஷத்தை எழுதி, வேலையை விட்டுவிடுவது

பெரும்பாலான விண்ணப்பங்கள் சறுக்குவது இங்கேதான். “2003 முதல் மரம் வெட்டுதல், கிளை கழித்தல், கன்று நடுதல் ஆகிய பணிகளைச் செய்து வருகிறேன். எல்லா வகை மரங்களிலும் அனுபவம் உண்டு.” இப்படி எழுதினால் படிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருபது வருஷம் தப்பாகவே வெட்டிக்கொண்டிருந்தவரும் இதே இரண்டு வரியை எழுதலாம்.

அதே ஆள் செய்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். திடலின் பக்கம் நீண்ட பெரிய கிளையின் கவையில் விரிசல். நிர்வாகம் பயந்துபோய் மரத்தையே எடுக்கச் சொல்கிறது. இவர் அடிமரத்தைச் சுற்றிலும் மரச் சுத்தியால் தட்டிப் பார்க்கிறார், பொந்துச் சத்தம் இல்லை. வேர்ப்பக்கம் காளான் முளைத்திருக்கிறதா, மண் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா என்று பார்க்கிறார், இல்லை. ஆகவே கிளையை மட்டும் எடுப்பது என்று முடிவு. அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்புறம் ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இன்னொரு வெட்டு. கிளை விழும்போது பட்டை கிழிந்து அடிமரம் வரை உரியாமல் இருக்கத்தான் இந்த வரிசை. மிச்சமிருக்கும் கட்டையை மூன்றாவது வெட்டில், கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்தைச் சேதப்படுத்தாமல் எடுக்கிறார். தார் பூசவில்லை. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கிறார்.

இதை அப்படியே எழுதுங்கள். என்ன கண்டேன், என்னென்ன வழி இருந்தது, எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன், அப்புறம் என்ன ஆயிற்று. மதிப்பீட்டாளர் தேடுவது இந்த ‘ஏன்’ என்ற ஒன்றைத்தான். ஏன் தார் பூசவில்லை என்று நேர்முகத்தில் கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ மரங்களை நெடுக்குவாக்கில் அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி அழுகலை அடைத்துவிடுகிறது என்று 1970-களில் எடுத்துச் சொன்னார். கிளைக் கழுத்தைச் சிதைத்தால் அந்தத் தடுப்பே பலவீனமாகிவிடும். மேலே பூசும் தார் அழுகலை நிறுத்தாது. கை பல வருஷமாகச் சரியாகச் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு இப்படிக் காரணத்தையும் சேர்த்துவிட்டால், பாதிக் கிணறு தாண்டிய மாதிரிதான்.

வனத்துறைக்காரர்கள் செய்யும் தவறு இன்னொரு விதம். பதவியை எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். வனவர், வனச்சரகர் என்று எழுதினால் எடின்பரோவில் இருப்பவருக்கு என்ன விளங்கும்? எத்தனை ஹெக்டேர், உங்கள் கீழே எத்தனை பேர், எந்த முடிவில் உங்கள் கையெழுத்து இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கழிமுகத்தில் அலையாத்தி நட்ட கதையும் அப்படித்தான். “இத்தனை ஆயிரம் கன்று நட்டோம்” என்பது செய்தித்தாளுக்கு. அலை ஏறி இறங்கும் மட்டத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்தீர்களா, மீன் எலும்பு வடிவத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை உள்ளே கொண்டுவந்தீர்களா, இரண்டு மழைக்காலம் தாண்டி எத்தனை தேறியது, தேறாதது ஏன் தேறவில்லை என்பது விண்ணப்பத்துக்கு. தேறாததைப் பற்றி எழுதத் தயங்க வேண்டாம். ஆலைக் கழிவு கலக்கும் எண்ணூர் மாதிரி இடத்தில் நட்டதெல்லாம் பிழைத்தது என்று எழுதினால்தான் சந்தேகம் வரும்.

விழுந்த மரத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்வது

வர்தாவுக்குப் பிறகு சென்னையில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: வெளிநாட்டு மரம் விழுந்தது, நாட்டு மரம் நின்றது. மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் நிறைய விழுந்தது உண்மைதான். ஆனால் இதையே ஒரு நிபுணரின் அறிக்கையில் எழுதி நிறுத்திக்கொண்டால், அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அப்படியென்றால் அதே தெருவில் நின்ற மயில்கொன்றை எப்படி நின்றது? சாய்ந்த வேம்பு ஏன் சாய்ந்தது?

விழுந்த மரத்தின் வேர்த்தட்டை, அதாவது மரத்தோடு பெயர்ந்து வந்த வேரையும் மண்ணையும், பார்த்திருந்தால் பதில் அங்கேயே கிடைத்திருக்கும். மர வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில், சுமார் இரண்டு அடிக்குள்தான் பக்கவாட்டில் ஓடுகிறது. கேபிளுக்கோ மழைநீர் வடிகாலுக்கோ தெருவோரம் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் மொத்தமும் போய்விடும். மேலே மரம் பச்சையாகத்தான் இருக்கும். புயல் அந்தப் பக்கமிருந்து இழுத்தால் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. அடிமரத்தை ஒட்டி சிமென்ட் போட்டு மூடுவது இன்னொரு காரணம். டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. நம் தெருக்களில் இன்னும் அடிமரம் வரைக்கும் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். மரத்தை மொட்டை அடிப்பதும் இதில் சேர்த்திதான். அடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும், நாலு வருஷம் கழித்து அவைதான் முதலில் முறியும்.

ஆகவே ரிப்போர்ட் எழுதும்போது மரவகை, மண், வேர், பழைய வெட்டு, காற்றின் திசை என்று எல்லாவற்றையும் வைத்துப் பேசுங்கள். மரத்தின் அறிவியல் பெயரையும் எழுதிப் பழகுங்கள். தூங்குமூஞ்சி என்றாலும் ரெயின் ட்ரீ என்றாலும் தேர்வுத் தாளில் அது சமானியா சமான் என்றுதான் வரும்.

எந்த உயரத்தில் அளந்தது என்று எழுதாமல் விடுவது

சின்ன விஷயம், ஆனால் நிறைய பேர் இதில் மதிப்பெண் இழக்கிறார்கள். அடிமரத்தின் தடிமனை இந்தியாவில் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளக்கிறோம், அமெரிக்காவிலும் அதே நாலரை அடிதான். பிரிட்டனில் காட்டு மரங்களுக்கு 1.3 மீட்டர், கட்டுமான இடத்து மரங்களுக்கு 1.5 மீட்டர். சுற்றளவா விட்டமா என்பதையும் சொல்லாமல் “மூன்று மீட்டர்” என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

காகிதத்தில் வரும் வில்லங்கம்

நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொரு பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறொன்று. தேர்வு மையத்தில் பதிவில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள். முதல் நாளிலிருந்தே பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

அடுத்தது அனுபவக் கடிதம். “அண்ணே, கவுன்சிலர் லெட்டர் வாங்கிட்டா போதுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. நீங்கள் நல்லவர், உழைப்பாளி என்று அவர் எழுதுவார். அது உண்மையாகவே இருந்தாலும் மரத்தைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது. உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்கள்தான் எழுத வேண்டும்: குடியிருப்போர் சங்கம், பள்ளி நிர்வாகம், நீங்கள் வேலை பார்த்த நர்சரி, மேலதிகாரி. எந்தத் தேதியிலிருந்து எதுவரை, முழுநேரமா பகுதிநேரமா, என்னென்ன வேலை என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். கையில் கூலி வாங்கியவர்களுக்கு பி.எஃப் கணக்கு இருக்காது. அதனால் என்ன, பில், வொர்க் ஆர்டர், கேட் பாஸ், தேதியோடு எடுத்த புகைப்படம் எல்லாமே சான்றுதான். இன்றிலிருந்தாவது ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒருவரின் மர ஆய்வு அறிக்கையை எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுப்பதும் நடக்கிறது. ஓக், பீச் என்று இந்த ஊரில் தெருவோரம் காணாத மரங்களெல்லாம் அதில் வந்து நிற்கும்.

நேர்முகத்தில் வீரம் பேசுவது

“கயிறே கட்டாம ஏறுவேன் சார், இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல.” கேட்பவர் அங்கேயே பேனாவை மூடிவிடுவார். பாதுகாப்பு என்பது ஐ.எஸ்.ஏ தேர்வின் பத்துப் பிரிவுகளில் ஒன்று. மின்கம்பி உரசும் மரம் என்றால் மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறினேன், கீழே ஆட்களை இத்தனை தூரம் தள்ளி நிறுத்தினேன், காற்று கூடியதும் வேலையைத் தள்ளிவைத்தேன் என்று சொல்பவரைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். வேலையை மறுத்த சம்பவம் ஒன்று இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். கூடு கட்டிக் குஞ்சு இருந்ததால் வெட்டைத் தள்ளிப்போட்டது, பொது இடத்து மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வராமல் கை வைக்க மாட்டேன் என்று நின்றது, இவையெல்லாம் உங்களுக்குப் பாதகமாகாது.

வாங்கியதும் மறந்துவிடுவது

ஐ.எஸ்.ஏ தேர்வு 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். “மூணே நாளில் இன்டர்நேஷனல் சர்டிஃபிகேட், தேர்வு கிடையாது” என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அவர் விற்பது வேறு ஏதோ ஒன்று.

தேர்வில் தேறிய பிறகும் சான்று மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குள் 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தேர்வு எழுத வேண்டும். ஐ.எஸ்.ஏ தரும் மர அபாய மதிப்பீட்டுத் தகுதி தனி, அது ஐந்து வருஷம். சார்ட்டர்டு பட்டத்துக்கும் வருடாந்தரக் கட்டணமும் தொடர் கற்றலும் உண்டு. கருத்தரங்குக்குப் போனால் வருகைச் சான்றை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். மூன்றாவது வருஷக் கடைசியில் உட்கார்ந்து எங்கே போனோம், யார் நடத்தினார்கள் என்று தேடும்போது, அதை நடத்தியவரின் போன் நம்பர்கூட மாறியிருக்கும்.