ஒப்பீட்டு நன்மையைக் கணக்கிடுவது எப்படி? பூச்சரத்தையும் முறுக்கையும் வைத்து ஒரு செய்முறை

மலேசியாவின் பினாங்கில் எஸ்.டி.பி.எம். என்னும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வுக்கான பொருளியல் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது, எல்லாப் பொருளையும் திறமையாகச் செய்யும் நாடு இன்னொரு நாட்டிடம் எதற்காக வாங்க வேண்டும் என்ற கேள்வி தவறாமல் வருகிறது. மிக நியாயமான கேள்வி. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிடச் சிறு கணக்கு ஒன்றைக் கையால் போட்டுப் பார்த்தால் விடை தெளிவாகும்.

முதல் படி: அட்டவணை. லெபோ பசாரில் ஒரு கடையை அக்காவும் தங்கையும் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அக்கா 12 முழம் மல்லிகைச் சரம் தொடுப்பார் அல்லது 60 முறுக்குச் சுடுவார். தங்கைக்கு அதே நேரத்தில் 4 முழம் அல்லது 40 முறுக்குத்தான் முடியும்.

இரண்டாம் படி: முழு நன்மை. ஒரே நேரத்தில் யார் அதிகம் செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். இரண்டிலும் அக்காவுக்கே முழு நன்மை. பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் விளக்கியது இந்த அளவுகோலைத்தான். இதோடு நின்றுவிட்டால் தங்கைக்கு வேலையே இல்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

மூன்றாம் படி: வாய்ப்புச் செலவு. ஒரு முழம் சரத்துக்காக எத்தனை முறுக்கை விட்டுக்கொடுக்க வேண்டும்? அக்காவுக்கு 60ஐ 12ஆல் வகுத்தால் 5. தங்கைக்கு 40ஐ 4ஆல் வகுத்தால் 10. சரத்தில் அக்காவின் செலவு குறைவு என்பதால் அதில் ஒப்பீட்டு நன்மை அவருக்கு. ஒரு முறுக்குக்காக அக்கா ஐந்தில் ஒரு முழத்தை விட வேண்டும், தங்கை பத்தில் ஒரு முழத்தை மட்டுமே; ஆகவே முறுக்கில் ஒப்பீட்டு நன்மை தங்கைக்கு.

நான்காம் படி: சரிபார்த்தல். இதைத் தயவுசெய்து தாளில் எழுதிப் பாருங்கள். இருவரும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மொத்தம் 16 முழம், 100 முறுக்கு. மாறாக, தங்கை இரண்டு மணி நேரமும் முறுக்கே சுட்டு, அக்கா 20 நிமிடம் மட்டும் அடுப்படியில் நின்று மீதி 100 நிமிடமும் பூத்தொடுத்தால், அதே 100 முறுக்குடன் சரம் 20 முழமாகிறது. கூடுதல் நேரமோ புதிய கருவியோ இல்லாமல், வேலையைப் பிரித்த விதத்தால் மட்டுமே 4 முழம் கூடியிருக்கிறது. ஒரு முழத்துக்கு 5க்கும் 10க்கும் இடைப்பட்ட எந்த விகிதத்தில், உதாரணமாக 7 முறுக்குக்கு, மாற்றிக்கொண்டாலும் இருவருக்கும் ஆதாயமே.

ஐந்தாம் படி: நாடுகள். டேவிட் ரிக்கார்டோ 1817இல் தந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டில், குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு ஓராண்டில் 100 ஆட்களின் உழைப்பும், திராட்சை மதுவுக்கு 120 ஆட்களின் உழைப்பும் தேவை. போர்ச்சுகலுக்கு முறையே 90, 80.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நம் கடை அட்டவணை விளைச்சலைக் காட்டியது. இது உழைப்பைக் காட்டுகிறது. எனவே குறைந்த எண்ணே சிறந்தது, வகுத்தலும் தலைகீழாகும். மதுவின் வாய்ப்புச் செலவு இங்கிலாந்தில் 120ஐ 100ஆல் வகுத்த 1.2 பங்கு துணி. போர்ச்சுகலில் 80ஐ 90ஆல் வகுத்த ஏறத்தாழ 0.89 பங்கு. இரண்டிலும் போர்ச்சுகலுக்கே முழு நன்மை இருந்தும், அது மதுவையும் இங்கிலாந்து துணியையும் செய்வதே நல்லது. ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் இங்கிலாந்துக்கு 20 ஆட்களின் உழைப்பும் போர்ச்சுகலுக்கு 10 ஆட்களின் உழைப்பும் மிச்சம்.

இந்தக் கணக்கு, ஒரு வேலையை விட்டவர் மறுநாளே இன்னொன்றுக்குப் போய்விடுவார் என்று வைத்துக்கொள்கிறது. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோதும், 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோதும், பால் வெட்டிப் பழகிய கைகள் ஒரே நாளில் சில்லுகளைப் பொருத்தும் கைகளாகிவிடவில்லை. நாட்டின் மொத்த ஆதாயத்தைக் கணக்கிடும் எவரும் அந்த இடைக்காலத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சி. தங்கையின் முறுக்கை 40லிருந்து 20ஆக மாற்றி, மூன்றாம் படியை மீண்டும் போடுங்கள். இருவருக்கும் வாய்ப்புச் செலவு 5 என்றே வரும். யாருக்கும் ஒப்பீட்டு நன்மை இல்லாததால் வேலையைப் பிரித்தாலும் ஒரு முழம்கூட அதிகரிக்காது.