வியட்நாம் சமையலில் சுவை தவறிப்போகும் இடங்கள்

வியட்நாமியர்கள் எண்ணும் சுவை ஐந்து: புளிப்பு, காரம், உப்பு, இனிப்பு, கசப்பு. நம் அறுசுவையில் உள்ள துவர்ப்பு இந்தக் கணக்கில் இல்லை. அதற்காக அந்த ருசியே அங்கே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாட்டோடு வரும் பச்சைக் கீரைத் தட்டில் பச்சை வாழைக்காயை மெல்லிசாக நறுக்கி வைப்பதே துவர்ப்புக்காகத்தான்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் இனிப்பு. 'ஙொட்' என்ற சொல்லுக்கு அகராதி இனிப்பு என்றுதான் பொருள் சொல்லும். ஆனால் ஒரு சூப்பை ருசித்துவிட்டு 'ஙொட்' என்று பாராட்டினால், எலும்பும் இறாலும் காயும் கொதித்து இறங்கிய சாரத்தைச் சொல்கிறார்கள். தெற்கே அஜினோமோட்டோவுக்கே 'போட் ஙொட்' என்றுதான் பெயர், அதாவது இனிப்புப் பொடி. இது தெரியாமல் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பில் சர்க்கரையைக் கொட்டினால் பாயசவாடைதான் மிஞ்சும். எலும்பை முதலில் ஒரு கொதி விட்டுக் கழுவுங்கள். வெங்காயத்தையும் இஞ்சியையும் நெருப்பில் சுட்டுப் போட்டு, சிறு தீயில் மணிக்கணக்கில் விடுங்கள். மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் மீன் சாஸைக் கடைசியில் சேருங்கள். முதலிலேயே ஊற்றினால் சூப் வற்ற வற்ற உப்புக் கரிக்கும். தெற்கத்திச் சமையலில் சர்க்கரையும் இளநீரும் தாராளமாகவே விழும் என்பது வேறு விஷயம். வடக்கே உள்ள ஹனோய்க்காரர்களுக்கு அது திகட்டும்.

அடுத்து, தொட்டுக்கொள்ளும் 'நுவோக் சாம்'. மீன் சாஸை அப்படியே கிண்ணத்தில் ஊற்றி வைப்பதும் தவறு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்குவதும் தவறு. ஒரு பங்கு சர்க்கரையை மூன்று முதல் ஐந்து பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கரையுங்கள். ஆறியதும் ஒரு பங்கு மீன் சாஸ், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு. பொடியாக நறுக்கிய பூண்டும் மிளகாயும் கடைசியில்தான். அப்போதுதான் மேலே மிதக்கும். உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் நான்கும் அந்தச் சின்னக் கிண்ணத்திலேயே இருக்கின்றன. எனக்கு இந்தச் சமையலில் மிகவும் பிடித்தது இதுதான்.

புளிப்பு என்றாலே எலுமிச்சை என்று இருக்க வேண்டாம். தெற்கே மேகோங் டெல்டாவின் மீன் சூப்பான 'கான் சுவா'வுக்குப் புளிதான். அதில் அன்னாசி, தக்காளி, வெண்டைக்காய் எல்லாம் உண்டு. வடக்கே 'சாவ்' என்ற காயையும் புளித்த சோற்றையும் பயன்படுத்துகிறார்கள்.

காரத்தில் நம் பழக்கம் குறுக்கே வரும். பெரும்பாலும் மிளகாய் சாப்பாட்டு மேசையில் தனியாக வரும், வேண்டுமானவர் போட்டுக்கொள்வார். மத்திய வியட்நாமின் ஹுவே நகரம் இதற்கு விலக்கு. அங்கே மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப்பான 'புன் போ'வில் எலுமிச்சைப்புல்லோடு மிளகாய் எண்ணெயும் மினுங்கும்.

அப்புறம் கசப்பு. தெற்கே புத்தாண்டுக்குப் பாகற்காயைக் குடைந்து, கொத்திய பன்றிக்கறியை அடைத்து சூப் வைப்பார்கள். பாகற்காயை உப்புப் போட்டுப் பிழிந்து இதைச் செய்யாதீர்கள். கசப்பு சூப்பில் இறங்க வேண்டும், கறியின் சாரம் காய்க்குள் ஏற வேண்டும். பிழிந்த காயில் இரண்டுமே நடக்காது.