கோடிக்கு ஒரு மீட்டர்: ஏரிக்கரையில் சூரியக் குடும்பம் அமைக்கும் முறை

பள்ளிப் புத்தகத்தில் சூரியக் குடும்பம் ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஓரத்தில் பாதிச் சூரியன் தெரியும். எட்டுக் கோள்களும் ரேஷன் கடை வரிசை போல நெருக்கியடித்து நிற்கும். அந்தப் படத்தையே பார்த்து வளரும் பிள்ளை, செவ்வாயைப் பக்கத்துத் தெரு என்றுதான் நினைக்கும். படத்தின் மீது குற்றமில்லை, தாள் சிறியது. அந்த எண்ணத்தை மாற்ற நான் கண்ட ஒரே வழி, பிள்ளைகளை நடக்க வைப்பதுதான்.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு எங்கள் ஊர் ஏரிக்கரையில் இதுவரை நான்கு முறை இதைச் செய்திருக்கிறேன். முதல் முறை தப்பாகப் போயிற்று. எங்கே தப்பியது என்பதைக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அந்த இடத்தில்தான் நீங்களும் தடுக்கி விழுவீர்கள்.

வேண்டியவை: ஏறக்குறைய 450 மீட்டருக்கு நேராகப் போகும் ஒரு பாதை, ஒரு சைக்கிள், கொத்தனார் வைத்திருப்பது போன்ற டேப், பழைய அட்டைப்பெட்டி, குச்சிகள், பசை, அடுப்படியில் இருக்கும் சில தானியங்கள்.

அளவு

ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர். நூறு லட்சம் ஒரு கோடி, நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர். ஆகவே ஒரு கோடி கிலோமீட்டருக்கு 1 மீட்டர்.

இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சற்று நிறுத்துங்கள். சூரியனிலிருந்து பூமி சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று சொன்னதும், "15 மீட்டர்" என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வரும். கால்குலேட்டர் வேண்டாம், பூஜ்யங்களை எண்ண வேண்டாம். லட்சத்திலும் கோடியிலும் எண்ணிப் பழகிய பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர், அதாவது 14 செ.மீ. உருவத்துக்கும் தூரத்துக்கும் இதே அளவுதான். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடையில் விற்கும் மாதிரிகளில் உருண்டைகளுக்கு ஓர் அளவும் கம்பிகளுக்கு வேறோர் அளவும் இருக்கும். அலமாரிக்கு அவை அழகு, பாடத்துக்கு உதவாது.

கோள்களைத் தயாரித்தல்

மஞ்சள் அட்டையில் 7 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து வெட்டினால் சூரியன் தயார். பந்து தேடி அலைய வேண்டாம்.

புதன் அரை மில்லிமீட்டர்தான், ஒரு ரவைத் துகள். வெள்ளிக்கும் பூமிக்கும் ஆளுக்கொரு கேழ்வரகு, இரண்டும் 1.2, 1.3 மி.மீ. அளவில் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். செவ்வாய் 0.7 மி.மீ., அதற்குச் சின்னதாக ஒரு கசகசா. வியாழன் 1.4 செ.மீ. புதுக் கோலிக்குண்டு பெரும்பாலும் இதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் என்பதால் களிமண்ணில் உருட்டிக்கொள்வது நல்லது. சனிக்கு 1.2 செ.மீ. அளவில் ஒரு சுண்டைக்காய். அதைச் சுற்றி 2.7 செ.மீ. விட்டத்தில் காகித வளையம் ஒன்றை வெட்டி மாட்டுங்கள், சனியின் முக்கிய வளையங்கள் அந்த அகலத்துக்கு விரிந்திருக்கின்றன. யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் 5 மி.மீ. வருகிற மாதிரி பெரிய மிளகாக இரண்டு.

தானியங்களை அப்படியே தரையில் வைக்காதீர்கள். ஒரு முறை பூமியை எறும்பு எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒவ்வொன்றையும் தபால் அட்டை அளவுள்ள அட்டையில் ஒட்டி, கோளின் பெயரைப் பெரிதாக எழுதி, குச்சியில் கட்டிவிடுங்கள். ரவையைக் கறுப்பு அட்டையில் ஒட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

பூமி அட்டையில் இன்னொரு வேலை இருக்கிறது. கேழ்வரகிலிருந்து 3.8 செ.மீ. தள்ளிப் பேனா முனையால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். அதுதான் நிலா. மனிதர்கள் இதுவரை நேரில் போன தூரம் முழுவதும் அந்த இடைவெளியை ஒட்டித்தான். 1969-லிருந்து 1972 வரை 12 பேர் அந்தப் புள்ளியின் மீது நடந்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதும் அதே புள்ளியில்தான். ஒவ்வொரு பிள்ளையும் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அந்த இடைவெளியை அளந்து பார்க்கட்டும். இந்த அட்டையைக் கையில் கொடுத்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். அவசரப்படுத்தாதீர்கள்.

தூரம் குறித்தல்: எனக்குத் தவறிய இடம்

சூரியனிலிருந்து மீட்டர் கணக்கில்: புதன் 5.8, வெள்ளி 10.8, பூமி 15, செவ்வாய் 22.8, வியாழன் 78, சனி 143, யுரேனஸ் 287, நெப்டியூன் 450. எல்லாம் சராசரித் தூரங்கள்.

இவற்றை நான் எழுதிக் கொடுத்துவிட்டாலும் பிள்ளைகளே கணக்கிட்டு வர வேண்டும் என்றுதான் சொல்வேன். அங்கேதான் சிக்கல். முதல் முறை, முதல் நான்கு கோள்களின் தூரத்தைக் கோடியில் இருந்த ஒரு பட்டியலிலிருந்தும், மற்ற நான்கை மில்லியனில் இருந்த ஒரு பட்டியலிலிருந்தும் எடுத்தேன். லட்சத்தைக் கோடியாக்க 100-ஆல் வகுத்து வகுத்துக் கை பழகியிருந்தது. அதே வேகத்தில் மில்லியனையும் 100-ஆல் வகுத்துவிட்டேன். 778 மில்லியன் 7.8 மீட்டர் ஆயிற்று. குச்சிகளை நட்டுக்கொண்டு வருகையில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றுவிட்டாள். "டீச்சர், வியாழன் வெள்ளிக்கு முன்னாலேயே வந்துவிட்டதே!" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. சனியின் குச்சியும் 14.3 மீட்டரில், பூமியை ஒட்டினாற்போல நின்றுகொண்டிருந்தது. அன்று எல்லாக் குச்சிகளையும் பிடுங்கிக்கொண்டு திரும்பினோம்.

மில்லியன் என்பது பத்து லட்சம். பத்து மில்லியன் சேர்ந்தால் ஒரு கோடி. ஆகவே மில்லியனில் உள்ள எண்ணை 10-ஆல் வகுத்தால் கோடி வரும், நம் கணக்கில் அதுவே மீட்டர். 1,430 மில்லியன் என்றால் 143 கோடி, 143 மீட்டர். இணையத்தில் எடுக்கும் எண்கள் பெரும்பாலும் மில்லியனில்தான் இருக்கும். எட்டு எண்களையும் எழுதி முடித்ததும் ஒரு சோதனை போடுங்கள்: வியாழனின் தூரம் பூமியின் தூரத்தைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று அதிகமாகவும், நெப்டியூனின் தூரம் 30 மடங்காகவும் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு பூஜ்யம் நழுவியிருக்கிறது.

அளப்பதற்குச் செவ்வாய் வரை டேப், அதற்கப்பால் சைக்கிள். டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு, ஒரு சுற்று உருட்டி, எவ்வளவு தூரம் போகிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். பெரிய சைக்கிளில் சுமார் 2.2 மீட்டர் வரும். அப்படியென்றால் நெப்டியூனுக்கு 205 சுற்று. ஒருவர் உருட்ட, இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும். செல்போன் வரைபடத்தை நான் நம்புவதில்லை. அது சில மீட்டர் முன்னே பின்னே காட்டும், அந்தச் சில மீட்டருக்குள் புதனும் வெள்ளியும் இடம் மாறிவிடும். நைலான் கயிறும் வேண்டாம், இழுத்தால் நீளும்.

காலையில் செய்வதானால் காகிதச் சூரியனைப் பாதையின் மேற்கு முனையில் நடுங்கள். பிள்ளைகள் ஒவ்வொரு கோளிலும் நின்று திரும்பித் திரும்பி அதைத்தான் பார்ப்பார்கள். கிழக்கே நட்டால் நிஜச் சூரியனை நேராகப் பார்க்க நேரும், அது கண்ணைக் கெடுக்கும்.

ஒளியோடு நடப்பது

ஒளி ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. நம் ஏரிக்கரையில் அது விநாடிக்கு 3 செ.மீ., கிட்டத்தட்ட எறும்பு ஊரும் வேகம். பிள்ளைகளின் 30 செ.மீ. ஸ்கேல் இங்கே கைகொடுக்கும். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து விநாடிக்கு ஒரு முறை குரல் கொடுக்க, இன்னொருவர் சூரியனிலிருந்து தொடங்கி ஸ்கேலை ஒரு நீளம் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஐம்பதாவது ஸ்கேலில் பூமி வரும். 500 விநாடி, 8 நிமிடம் 20 விநாடி. இதே வேகத்தில் நெப்டியூனுக்குப் போக நான்கு மணி நேரத்துக்கு மேலாகும்.

இரண்டு நிமிடத்தில் சலிப்புத் தட்டும், நான்காவது நிமிடத்தில் முணுமுணுப்பு வரும். நிறுத்த வேண்டாம். பூமியைத் தொடும்போது எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள்.

நடந்து பார்த்தால்

புதனிலிருந்து செவ்வாய் வரை கலகலப்பாக இருக்கும். அதன் பிறகு வியாழன் வரை 55 மீட்டர் வெறும் கரைதான். பேச்சு குறையும். நெப்டியூன் குச்சியருகே நிறுத்தித் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். 14 செ.மீ. சூரியன் அங்கிருந்து வட்டமாகத் தெரியாது, மஞ்சளாக ஒரு புள்ளி மட்டும் தெரியும். நெப்டியூன் ஏன் அத்தனை குளிர் என்று யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

புளூட்டோ எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள். 2006-இல் அது குறுங்கோள் என்று வகைப்படுத்தப்பட்டது. சராசரியாக 590 மீட்டரில் ஓர் அட்டை நட்டால் போதும். கரை நீளமாக இருந்தால் நட்டுவிடுங்கள், அவர்களுக்கு அதன் மீது தனிப் பிரியம்.

பின்னால் சேர்த்தவை

இதைப் படித்துச் செய்து பார்த்த ஆசிரியர் ஒருவர், தங்கள் மைதானம் 100 மீட்டர்தான் என்றும் அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கலாமா என்றும் கேட்டிருந்தார். குறைக்காதீர்கள். பூமி கண்ணுக்கே தெரியாத துகளாகிவிடும், கோடிக்கு ஒரு மீட்டர் என்ற எளிமையும் போய்விடும். வியாழனோடு நிறுத்திக்கொண்டு, "சனி அந்தக் கோயில் மரத்தடியில், நெப்டியூன் பஸ் நிறுத்தத்தில்" என்று அவர்களுக்குத் தெரிந்த இடங்களைச் சொல்லுங்கள்.

இன்னொருவர் சுட்டிக்காட்டியது முக்கியமானது. கோள்கள் எப்போதும் ஒரே கோட்டில் நிற்பதாகப் பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். ஆகவே கடைசியில் செவ்வாய்க் குச்சியைப் பிடுங்கிச் சூரியனுக்கு மறுபக்கம் கொண்டுபோய் நடச் சொல்லுங்கள். ஒரே பக்கம் நிற்கும்போது பூமியிலிருந்து சுமார் எட்டு மீட்டரில் இருக்கும் செவ்வாய், அங்கே போனதும் கிட்டத்தட்ட 40 மீட்டர் தூரத்துக்குப் போய்விடும்.

ஆதித்யா-எல்1 சூரியனுக்கே போய்விட்டது என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைக் கவனிக்கிறது. கேழ்வரகிலிருந்து சூரியனின் பக்கம் 15 செ.மீ., சின்ன ஸ்கேலின் நீளம். வாயேஜர்-1 விண்கலம் எங்கே என்றும் கேள்வி வரும். 1977-இல் கிளம்பி இப்போது 2,500 கோடி கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. நம் கணக்கில் இரண்டரைக் கிலோமீட்டர். எங்கள் ஊருக்கு அது அடுத்த ஊர்.

முழுநிலா நாளில் ஒரு சோதனை

நம் அளவு சரியா என்று வானத்தைக் கொண்டே சரிபார்க்கலாம். பௌர்ணமி மாலையில், வெளிச்சம் அடங்குவதற்குள், காகிதச் சூரியனைக் கிழக்கே நட்டு 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள். நிலா எழுந்ததும் கையை நன்றாக நீட்டி, சுண்டுவிரல் நுனியால் முதலில் நிலாவை மறையுங்கள், பிறகு காகித வட்டத்தை மறையுங்கள். இரண்டும் விரல் நுனியில் ஏறக்குறையப் பாதி அகலமே பிடிக்கும். நிஜச் சூரியனும் வானில் அதே அளவில்தான் தெரிகிறது. முழுச் சூரிய கிரகணத்தில் நிலா அதை அப்படியே மூடிவிடுவது அதனால்தான்.

மார்கழிப் பௌர்ணமியாக இருந்தால் இன்னும் நல்லது. நிலாவிலிருந்து ஓரிரு கைமுட்டி அகலம் தள்ளி வலப்புறமாகச் செந்நிறத்தில் திருவாதிரை நட்சத்திரம் தெரியும்.

நட்சத்திரங்களை நம் கரையில் எங்கே நடுவது என்று அப்போது கேட்பார்கள். சூரியனுக்கு அடுத்த மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா செந்தாரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கோடிக்கு ஒரு மீட்டர் போட்டாலும் அது 4,000 கிலோமீட்டர். இந்தியாவின் வடக்கு தெற்கு நீளமே 3,214 கிலோமீட்டர்தான்.

திருவாதிரையின் தூரத்தைக் கணக்கிட வேண்டாம், உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதச் சூரியன் நட்ட இடத்தில் எல்லோரையும் நிற்கவைத்து, அங்கிருந்து சைக்கிளை 23 சுற்று உருட்டச் சொல்லுங்கள். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் எல்லாவற்றையும் தாண்டிச் சுமார் 50 மீட்டரில் சைக்கிள் நிற்கும். திருவாதிரையின் நடுப்புள்ளியிலிருந்து அதன் விளிம்பு வரை அவ்வளவு தூரம்.