கொலோமே போகிறவர்களுக்கு

அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்தில், கல்சாக்கி பள்ளத்தாக்கில் இருக்கிறது 1831-இல் தொடங்கிய கொலோமே ஒயின் பண்ணை. போகிறவர்கள் காச்சியிலோ கஃபயாதேயிலோ டேங்கை நிரப்பிவிடுங்கள். மோலினோஸ் ஊரைத் தாண்டினால் கடைசி 20 கிலோமீட்டர் மண் ரோடுதான். ஜனவரி, பிப்ரவரி மழையில் ஆறு குறுக்கே பாயும், தவிர்ப்பது நல்லது.

பண்ணையே சுமார் 2,300 மீட்டர் உயரம். அவர்களுடைய இன்னொரு தோட்டம் 3,111 மீட்டரில்! அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். அதைத் தாங்கத் திராட்சைத் தோல் தடிக்கும். இங்கே மால்பெக் என்ற திராட்சை வகையில் செய்யும் ஒயின் மை போலக் கறுத்திருப்பது அதனால்தான். நமக்குத் தோல் தடிக்காதே, தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். ராத்திரிக் குளிருக்கு ஸ்வெட்டர்.

அப்புறம், வளாகத்திலேயே, ஒளியை வைத்துக் கலை படைக்கும் அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரெலின் மியூசியம் இருக்கிறது. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். வண்டி ஓட்டுபவருக்கு ஒயின் கிடையாது, ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.